கடைக்குப் போகாத பரிசுகள்

1920-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். இங்கிலாந்தில் ஜான் என்ற மூன்று வயதுப் பையனுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் வட துருவத்தில் குடியிருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா. வயதானவர், குளிர்ப் பிரதேசத்துக்காரர் என்பதால் எழுத்துகள் நடுங்கி நடுங்கி விழுந்திருந்தன. கூடவே தாத்தாவும் அவர் வீடும் வண்ணப் படமாக வந்து சேர்ந்தன.

எழுதியதும் வரைந்ததும் பையனின் அப்பா. பின்னாளில் ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூல்களால் உலகப் புகழ் பெற்ற ஜே.ஆர்.ஆர். டோல்கீன்தான் அவர். அந்த ஒரு கடிதத்தோடு அவர் நிறுத்தவில்லை. 1943 வரை, தன் நான்கு பிள்ளைகளும் வளர்ந்து முடிக்கும் வரை, டிசம்பர் தோறும் வட துருவத்திலிருந்து கடிதம் வந்துகொண்டே இருந்தது. கதை வருடத்துக்கு வருடம் நீண்டது. எதையாவது உடைத்துவைக்கும் ஒரு துருவக் கரடி வந்து சேர்ந்தது. அதுவும் தன் பங்குக்குத் தடித்த எழுத்தில் கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கி வைக்கும். உறைகளின் மேல் இருந்த வட துருவத்துத் தபால் தலைகளும் கையால் வரைந்தவையே. சில சமயம் தெருவுக்கு வரும் தபால்காரரையே சம்மதிக்க வைத்து, அவர் கையால் பிள்ளைகளிடம் கடிதம் சேரும்படி டோல்கீன் ஏற்பாடு செய்தார். குடும்பச் செலவைச் சமாளிக்கக் கோடை விடுமுறையில் பரீட்சைத் தாள் திருத்திச் சம்பாதித்த ஒரு பேராசிரியர் இத்தனைக்கும் நேரம் ஒதுக்கினார். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1976-ல், அந்தக் கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தன. எழுதும்போது அவற்றுக்கு இருந்த வாசகர்கள் நான்கே பேர்.

ஓவியர் பால் க்ளேயின் வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. மகன் ஃபெலிக்ஸுக்கு மியூனிக் சந்தையில் நடக்கும் கைப்பொம்மை நாடகத்தின் மேல் கொள்ளை ஆசை. 1916-ல் அவனுடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அப்பா எட்டுப் பொம்மைகள் செய்து கொடுத்தார். அதன் பிறகு 1925 வரை பொம்மைகள் பெருகி ஐம்பதைத் தொட்டன. எதற்கும் தனியாகச் செலவு செய்து பொருள் வாங்கியதாகத் தெரியாது. பிளாஸ்டர், மாட்டு எலும்பு, தீப்பெட்டி, வீட்டில் கழற்றிப் போட்ட மின்சாரப் பிளக் பாயின்ட் என்று கையில் கிடைத்தவை எல்லாம் தலைகளாயின. ஒரு பொம்மை க்ளேயின் சொந்த முகம். பெரிய கண்களோடு அவரே மகனின் விரல் நுனியில் ஏறி நாடகம் ஆடினார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சில அழிந்தன. மிஞ்சிய முப்பது பொம்மைகள் இன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் க்ளேயின் பெயரிலுள்ள கலை மையத்தில் இருக்கின்றன.

இவர்கள் பெரிய கலைஞர்கள், கைவந்த கலை, நமக்கு எப்படி முடியும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பெயர் தெரியாத லட்சக்கணக்கான வீடுகளில் இதே வேலை நூற்றாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. அதற்கு உலகம் சுற்ற வேண்டாம். செட்டிநாட்டுக்குப் போனால் போதும்.

செட்டிநாட்டு ஆச்சிமார் ஒரு காலத்தில் தங்கள் கையாலேயே கொட்டான் முடைந்தார்கள். பனையின் குருத்தோலையைக் காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயம் ஏற்றி, முடைவதற்கு முன்பு தண்ணீரில் நனைத்துப் பதமாக்கி, சதுரமான அடிப்பாகத்திலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போகும் வேலை அது. ஓலை காய்ந்துவிட்டால் ஒடியும். அதிகம் நனைந்தால் முடைச்சல் தளரும். முடைந்த கூடைக்கு மேலே மணி கோத்த மூடி, குரோஷா பின்னல் எல்லாம் சேரும். கல்யாணத்திலும் விசேஷங்களிலும் சீர் வைக்கவும் உறவுகளுக்குக் கொடுக்கவும் இந்தக் கொட்டான்கள் போயின. விற்பதற்காக யாரும் முடையவில்லை. பகல் வேலை முடிந்து, வளவில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே முடைந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தை பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது.

அந்த வழக்கம் எங்கே உடைந்தது என்று பார்ப்பது முக்கியம். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தன. கொட்டான் வைத்த இடத்தில் டப்பா வைத்தார்கள். முடைய வேண்டிய தேவை போயிற்று. தேவை போனதும் உட்கார்ந்து முடைகிறவர் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறவரும் இல்லை. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை இந்தக் கலையை மீட்க இறங்கியபோது, நேர்த்தியாக முடையத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள். அவர்களிடமிருந்து கற்று, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அறக்கட்டளை கொட்டானை மறுபடி உயிர்ப்பித்தது. யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் கிடைத்தது. இன்று அது நூற்றுக்கு நூறு நல்ல செய்தி. பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் வீட்டுத் தேவைக்கு வீட்டிலேயே முடைந்த காலம் திரும்பவில்லை.

குடும்பத்துக்குள் பரிசு கொடுக்கும் வழக்கம்தான் இந்தியாவில் பல கைவேலைகளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. கடைப் பரிசு வந்தபோது, பொருள் மட்டும் மாறவில்லை, அந்தப் பள்ளிக்கூடமும் சேர்ந்து மூடப்பட்டது.

பஞ்சாபின் புல்காரித் தையல்வேலையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. பேரன் பிறந்ததும் அப்பாவின் அம்மா ஒரு கதர்த் துணியை எடுத்து, முறுக்காத பட்டு நூலால் பின்புறமிருந்து இழை எண்ணி எண்ணித் தையல் போடத் தொடங்குவார். ‘வரி தா பாக்’ என்று அதற்குப் பெயர். பேரனுக்குக் கல்யாணமாகும் நாளில், வீட்டுக்கு வரும் மருமகளுக்கு அதைக் கொடுப்பார். பேத்தி பிறந்தால் அம்மாவைப் பெற்ற பாட்டி ‘சோப்’ என்ற போர்வையைத் தொடங்குவார். இன்னும் யார் என்றே தெரியாத ஒரு மணமகளுக்காக ஒரு மூதாட்டி வருடக்கணக்கில் தைத்த அந்தத் துணியை எந்தக் கடையிலும் விலை கேட்க முடியாது.

வங்காளத்தில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைத்தால் காந்தா. குழந்தைக்கு விரிப்பு, விருந்தாளிக்குப் போர்வை, புத்தகத்துக்கு உறை என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும் பரிசுகள் அவை. கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் ஒரு காந்தா இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்தது. தைத்தவர் பெயரும், அது அப்பாவுக்கு என்பதும் நூலாலேயே எழுதப்பட்டிருக்கின்றன. பெயர் எழுதி வைக்காத ஆயிரக்கணக்கான பெண்களின் நடுவே இந்த ஒரு மகளின் பெயர் நமக்குத் தெரிகிறது.

கர்நாடகத்தின் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ ஒட்டுத்துணிப் போர்வையின் நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் சிறு முக்கோணப் பூக்கள் வைக்கிறார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை முடிந்த போர்வை ஆகாது என்பது அவர்கள் கணக்கு. குளிருக்கு அந்தப் பூவால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் தைப்பவர் தன் பிள்ளைக்கோ பேரனுக்கோ கொடுக்கும்போது மூலை மொட்டையாக இருக்கக் கூடாது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கொட்டான், புல்காரி, காந்தா, கவந்தி, எல்லாவற்றையும் செய்தவர்கள் பெண்கள். வீட்டு ஆண்கள் பெரும்பாலும் வாங்கிக்கொண்டவர்கள். அதனால்தான் டோல்கீனும் க்ளேயும் முக்கியமாகப் படுகிறார்கள். இந்தியாவிலும் ஓர் அப்பா உண்டு. 1942 மார்ச்சில் இந்திரா கட்டிக்கொண்ட இளஞ்சிவப்புத் திருமணப் புடவை, ஜவஹர்லால் நேரு சிறையில் இருந்தபோது நூற்ற நூலில் நெய்தது. பிறகு அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைத் திருமணங்களிலும் அந்தப் புடவை கட்டப்பட்டது. கையால் செய்து கொடுப்பது பெண்கள் பாடு என்று ஒதுங்கிக்கொள்ளும் அப்பாக்களுக்கும் அண்ணன்களுக்கும் இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் புரட்டாசி தொடங்கினால் தை வரை பண்டிகை வரிசை கட்டி வரும். நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல். நவராத்திரியைப் போலக் கைவேலைக்குத் தோதான பண்டிகை வேறில்லை. ரவிக்கைத் துணியின் வெட்டுத் துண்டுகளில் மரப்பாச்சிக்குப் பட்டுப் புடவையும் வேட்டியும் தைப்பது, மணலில் கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்க வைத்துக் கொலுவுக்குப் பூங்கா போடுவது, காகிதத்தை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கிப் பொம்மை பிடிப்பது என்று குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் ஏராளம். ஆனால் வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் பொருள் மட்டும் மொத்த விலைக் கடையிலிருந்து டஜன் கணக்கில் வருகிறது. கொடுத்தவருக்கே அடுத்த வருடம் அது திரும்பி வருவதும் உண்டு. பழைய பருத்திப் புடவையில் தைத்த ஒரு பை அப்படித் திரும்பி வராது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தமிழக அரசு தொடங்கியது. ஆகவே அந்தப் பை கொடுத்த மறுநாளே காய்கறி வாங்கப் போகும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டுக்கு வீடு இருந்த ஒயர் கூடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பெயர் சொல்லிப் பெண்கள் கூடை பின்னினார்கள். ஒயர்களை ஒரே நீளத்துக்கு வெட்டி, நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து முடிச்சு முடிச்சாகச் சேர்த்தால் அடிப்பாகம் வரும். அடி முடிந்ததும் நீள ஒயர் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து சுவரை எழுப்பும். முழம் போட்டு அளக்கும்போதே கவனம் வேண்டும். கொஞ்சம் குறைத்து வெட்டினால் முக்கால் கூடையில் ஒயர் தீர்ந்துவிடும். கடைசியில் மிஞ்சிய நுனிகளை உள்பக்க முடிச்சுகளுக்குள் செருகி மறைக்கும் வேலையில்தான் பின்னியவரின் பொறுமை தெரியும். அவசரக்காரர் கூடையில் கையை விட்டால் நுனி குத்தும்.

இதில் கொடுப்பவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பெரியம்மா கோயிலுக்குக் கொண்டுபோக அர்ச்சனைத் தட்டு உட்காரும் அளவில் ஒன்று, சித்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக இரண்டு கிலோ தக்காளி நசுங்காத அகலத்தில் ஒன்று, தோள்பட்டை வலியுள்ள அத்தைக்கு நீளமான கைப்பிடி வைத்து ஒன்று என்று ஆளுக்கு ஏற்றபடி அளவை மாற்றலாம். பின்னத் தொடங்கும் முன்பே அத்தைக்கு எந்தக் கை வலிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான். அந்த போன் பேச்சும் பரிசில் ஒரு பங்கு.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகள் தாங்களே செய்யக்கூடியதில் முதலிடம் மூங்கில் நட்சத்திரத்துக்கு. ஒரே நீளத்தில் சீவிய பத்து மூங்கில் சிம்புகள் வேண்டும். ஐந்து சிம்புகளைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து ஐந்து முனை நட்சத்திரமாகக் கட்ட வேண்டும். அதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு, நடுவில் சிம்புகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஐந்து இடங்களில் இரு சட்டங்களுக்கும் இடையே சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால், தட்டையாக இருந்த சட்டம் வயிறு உப்பிக்கொண்டு எழும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணம் பிடித்துப்போகும். மைதாப் பசை காய்ச்சி வண்ணத்தாள் ஒட்டி, பல்பு மாட்ட ஒரு பக்கத்தைத் திறந்து விட்டால் வேலை முடிந்தது. சிம்புகளில் ஒன்று விரல் அளவு குட்டையாக இருந்தாலும் நட்சத்திரம் ஒருபக்கமாகச் சாயும். தாத்தா வீட்டு வாசலில் தொங்கவிட அது ஒரு தடையே அல்ல. தாத்தா அதை மாற்றச் சொல்லப் போவதும் இல்லை.

பொங்கல் வாழ்த்து அட்டைகளின் காலம் பலருக்கு நினைவிருக்கும். மார்கழி பிறந்ததும் கடை வாசலில் சாமி படமும் நடிகர் படமும் கரும்பும் பானையும் அச்சடித்த அட்டைகள் கயிற்றில் தொங்கும். இந்த அச்சு அட்டை வழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி 1,000 அட்டைகள் அச்சடித்தார். மீந்தவை அட்டைக்கு ஒரு ஷில்லிங் விலைக்குப் போயின. நேரம் போதாமல் பிறந்த அந்த யோசனை உலகம் முழுக்கப் பரவி, இன்று கைபேசியில் ஒரே படத்தை இருநூறு பேருக்குத் தள்ளிவிடுவதில் வந்து நிற்கிறது. இருநூறு பேருக்கும் வரைய முடியாதுதான். ஆனால் வரைந்து அனுப்பினால் எடுத்துவைத்துக்கொள்ளக்கூடியவர்கள் எல்லார் வீட்டிலும் ஐந்தாறு பேராவது இருப்பார்கள்.

வரையவோ பின்னவோ தைக்கவோ வராது என்பவர்களுக்குக் கையெழுத்து இருக்கிறது. தமிழ்ச் சமையல் புத்தகங்களில் பெயர் பெற்ற ‘சமைத்துப் பார்’, எஸ். மீனாட்சி அம்மாளின் உறவினர்கள் இது எப்படி, அது எப்படி என்று கடிதம் போட்டுக் கேட்டு, அவர் பொறுமையாக எழுதி அனுப்பிய குறிப்புகளிலிருந்து கிளைத்தது. பெரியவர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயரின் தூண்டுதலால் அது 1951-ல் புத்தகமானது. பிறகு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் குடித்தனம் போன மணப்பெண்களின் பெட்டிகளில் அது தவறாமல் இடம்பிடித்தது. உங்கள் வீட்டு மோர்க்குழம்பும் வத்தக்குழம்பும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் ‘கொஞ்சம்’ என்று சொல்வதைக் கரண்டியால் அளந்து, நாற்பது பக்க நோட்டில் எழுதித் தங்கைக்குத் தீபாவளிப் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள். அட்டையில் பழைய புடவைத் துண்டு ஒட்டினால் இன்னும் நன்று.

கைவேலைப் பரிசு என்றாலே மலிவுப் பரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. நல்ல நூலும் நல்ல துணியும் விலைதான். அதைவிட, பல மாலைப் பொழுதுகள் போகும். இணையத்தில் பார்த்த கடினமான வேலையைப் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கி, பாதியில் விட்டு, கடைசியில் கடைக்கே ஓடுவதுதான் வழக்கமாக நடப்பது. முதல் வருடம் ஒரே ஒருவருக்குச் செய்வது போதும். கைக்குழந்தைக்குச் செய்தால் பொத்தான், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம். பிய்த்து வாயில் போடும். கண்பார்வை மங்கிய பாட்டிக்கு அடர்ந்த நிறங்களும் பெரிய எழுத்தும் வேண்டும். பிள்ளைகள் செய்ததைப் பெரியவர்கள் இரவோடு இரவாகச் ‘சரி’ செய்துவைக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். மறுநாள் காலையில் பிள்ளைக்கு அது தன் வேலை இல்லை என்று தெரிந்துவிடும். அடுத்த வருடம் மூங்கிலைத் தொடமாட்டான்.

நாள் கணக்கைப் பொறுத்தவரை, பழைய சேலைப் போர்வை கொடுக்க நினைப்பவர்கள் பொங்கலை இலக்காக வைத்து ஆடியிலேயே சேலைகளைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்துவிடலாம். தீபாவளிக்கான ஒயர் கூடைக்கு ஆவணியில் ஒயர் வாங்கினால், முதல் கூடை கோணலாக வந்தாலும் இரண்டாவதற்கு நாள் இருக்கும். காகிதக்கூழ் பொம்மை மழைக்காலத்தில் காயவே காயாது; நவராத்திரிக்கு வேண்டுமானால் வெயில் இருக்கும்போதே பிடித்துவைக்க வேண்டும். மூங்கில் நட்சத்திரத்துக்கு டிசம்பர் முதல் வாரம் போதும், சிம்பு சீவிக் கொடுக்க ஒரு பெரியவர் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும். சமையல் நோட்டுக்கு மட்டும் மாதம், கிழமை எதுவும் பார்க்க வேண்டாம். அம்மா இன்று மதியம் என்ன சமைக்கிறாரோ, அதிலிருந்தே தொடங்கலாம்.